நாற்பத்தொன்றாம் ஆணி

வில்லைக்காரி என்ற பெயர் அவளுக்குப் பதினெட்டு வயதில் ஒட்டிக்கொண்டது. இப்போது ஐம்பத்து மூன்று. இடையில் மரம் வெட்டும் கூப்பு மூடிப்போனது, கம்பெனி மூட்டை கட்டியது, மொட்டையடித்த மலைச்சரிவில் வரிசை வரிசையாக நட்ட கன்றுகள் வானத்தை மறைக்கிற அளவுக்கு வளர்ந்தும் விட்டன. அந்தப் பெயர் மட்டும் அசையவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

கூப்புக்குள் நுழையும் வழியில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதற்கு ஒரே ஒரு சன்னல். சன்னலுக்குப் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பலகை, பலகையில் நூற்றிருபது ஆணிகள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் வெட்டிய ஒரு பித்தளை வில்லை உண்டு. காலையில் காட்டுக்குள் போகும்போது சன்னலில் அதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவள் அதே நம்பர் ஆணியில் மாட்டிவைப்பாள். சாயங்காலம் ஆள் வந்து கேட்டால் கழற்றித் தருவாள். ஆணியில் வில்லை தொங்கினால் ஆள் காட்டுக்குள் இருக்கிறான், ஆணி காலியானால் வெளியே வந்துவிட்டான். இவ்வளவுதான் வேலை. கேட்பதற்குச் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு மாதிரி இருக்கும்.

ஐந்தரைக்கு நூற்றிருபது ஆணிகளும் காலியாக இருந்தால் அவள் சன்னல் வழியே கையைத் தூக்குவாள். எதிரே இருக்கும் சங்குக்காரர் நீளமாக ஒரு தடவை ஊதுவார். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஒரே ஒரு வில்லை மிச்சம் இருந்தாலும் சங்கை விட்டு விட்டு ஊதுவார்கள். அப்புறம் மேஸ்திரியே ஆனாலும் மலையை விட்டு இறங்கக்கூடாது. அத்தனை பேரும் திரும்பக் காட்டுக்குள் போய், பத்தடி நடந்து ஒரு தடவை கூப்பிட்டு, நின்று காது கொடுத்துக் கேட்டு, மறுபடி பத்தடி நடக்க வேண்டும். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாலு வருஷத்தில் ஆறு தடவை அப்படி நடந்தது. ஒருத்தன் கால் பிசகி உட்கார்ந்திருந்தான், ஒருத்தன் வெட்டிய மரத்தடி உருண்டு வழியை அடைத்ததால் மாட்டிக்கொண்டான், இன்னொரு மகராசன் புதருக்குப் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஆறு பேரும் உயிரோடு வந்தார்கள்.

சாயங்கால வேளையில் நூற்றிருபது ஆண்கள் சன்னலை மொய்த்துக்கொண்டு கத்துவார்கள். பக்கத்தில் நிற்பவனின் வில்லையையும் சேர்த்துக் கொடு, அவன் அந்தா வருகிறான் என்பார்கள். அவள் அசையமாட்டாள். ஆள் வந்து முகத்தைக் காட்டினால்தான் வில்லை. ஒரு தடவை மேஸ்திரி வந்து மச்சானின் வில்லையைக் கேட்டபோது, "மச்சான் மூஞ்சியக் கொண்டு வாங்க, தர்றேன்" என்று சொல்லிவிட்டாள். அந்தச் சொல் கூப்பு முழுக்கப் பரவி, அவளைக் கண்டாலே ஆட்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சன்னலுக்கு வர ஆரம்பித்தார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தாள். நாற்பத்தொன்றாம் நம்பர். அவளுடைய சொந்த அண்ணன்.

அண்ணனுக்கு வரிசையில் நிற்பதென்றால் வேப்பங்காய். ஓடையைத் தாண்டிக் குறுக்கே இறங்கினால் கால் மணி நேரத்தில் பஸ் ரோட்டைப் பிடித்துவிடலாம். அங்கிருந்து டவுன், டவுனில் சீட்டாட்டம், சினிமா. "என் வில்லைய நீயே கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடு. வீட்லதானே பாக்கப் போறோம்" என்றான். முதல் தடவை சண்டை போட்டாள். இரண்டாவது தடவை முறைத்தாள். மூன்றாவது தடவை எடுத்துப்போய், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "இந்தாங்க துரை, உங்க உசிரு" என்றாள். அண்ணன் சிரித்தான். கடைசி பஸ்ஸில் வந்து தனியாகச் சாப்பிடுகிறவன் என்பதால் வீட்டில் வேறு யாருக்கும் இது தெரியாது. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை என்று அது பழக்கமாகிவிட்டது.

அந்த நாள் எப்படி இருந்தது என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன். அண்ணனோடு ஜோடியாக மரம் வெட்டுகிறவனுக்குக் காய்ச்சல். அதனால் அண்ணன், வெட்டுவதற்காகப் பிரித்த மலைச்சரிவுகளில் ஒன்பதாம் பட்டையில் தனியாகக் கிளை கழித்துக்கொண்டிருந்தான். காலையில் அடுப்புத் திரி வாங்க மறந்ததற்காக அவனுக்கும் அண்ணிக்கும் வாய்ச்சண்டை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் உர்ரென்ற முகத்தோடு வந்து வில்லையைச் சன்னலில் வைத்தான். குறுக்கே போகப்போவதாக இருந்தால் காலையிலேயே கண்ணடித்துச் சொல்லிவிடுவான். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தரைக்கு நூற்றுப் பத்தொன்பது ஆணிகள் காலி. மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஆட்கள் குடையை விரித்துவிட்டார்கள். சங்குக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காட்டுப் பாதையை இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். கோபத்தில் சொல்லாமல் போயிருப்பான், எங்கே போகப்போகிறான் என்று நினைத்தாள். நாற்பத்தொன்றைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினாள். சங்கு நீளமாக ஒரு தடவை ஊதியது.

அண்ணன் கடைசி பஸ்ஸிலும் வரவில்லை. மறுநாள் மழை. அதற்கு மறுநாளும் மழை. ஒன்பதாம் பட்டையில் பாதிச் சரிவு மண்ணோடு இறங்கி ஓடையில் விழுந்தது. மூன்றாம் நாள், அவனைப் போல முதுகு உள்ள ஒருவனை டவுன் பஸ்ஸில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். பலகையில் ஆணி காலி. ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்திலேயே 'வெளியே' என்று இருந்தது. ஆக, பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு ஓடிப்போய்விட்டான் என்று ஊர் தீர்ப்பு எழுதியது. அவள் வாயைத் திறந்திருக்கலாம். முதல் நாள் ராத்திரி, வந்துவிடுவான் என்று இருந்தாள். இரண்டாம் நாள் பயம் பிடித்தது. மூன்றாம் நாள் ஊரே ஒரு கதையைத் தயாராகக் கொண்டுவந்து கொடுத்தபோது, வாங்கிக்கொண்டாள். வில்லையைத் துணியில் சுற்றி, ஒரு தகர டப்பாவில் போட்டு, இரும்புப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

முப்பத்தொரு வருஷம்!

அண்ணி போகவில்லை. எங்கே போவாள்? மாமியார் மாமனார் இரண்டு பேரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் நாத்தனாரும் அண்ணியும் மட்டும். அண்ணிக்கு வாய் என்றால் வாய். தெருக்கோடியில் பால்காரர் அளவு குறைத்தால் இந்தக் கோடிவரை கேட்கும். தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது புருஷனைத் திட்டுவது அவளுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. "எந்தச் சிறுக்கி வீட்ல காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கானோ, நாசமாப் போறவன்" என்று ஆரம்பித்துப் பாத்திரம் கழுவுகிறவரைக்கும் ஓடும். நாத்தனார் பக்கத்தில் நின்று காய் நறுக்கிக்கொண்டு அத்தனையையும் கேட்பாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு இடம் வந்தது, இரண்டையும் வேண்டாமென்றுவிட்டாள். "என்னைத் தனியா விட்டுட்டுப் போகமாட்டாளாம். கூடப் பொறந்தவன் பண்ணின பாவத்துக்கு இவ பரிகாரம் பண்றா" என்று அண்ணி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தி விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். இந்த உலகத்தில் வில்லைக்காரிக்கு என்று இருந்தது அந்த ஒரு மனுஷிதான். சொன்னால் அவளும் இல்லை. அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றபடி அவள் பொய் பேசுகிற ஜாதி இல்லை.

கூப்பு இருந்த இடத்தைப் பாரம்பரியப் பூங்கா ஆக்கி இரண்டு வருஷம் ஆகிறது. அதன் அதிகாரிக்குப் பலகை வைப்பதில் அப்படி ஒரு வெறி. கழிப்பறைக்கு வழி காட்டும் பலகையில்கூட மூன்று வரி வரலாறு இருக்கும். பழைய ரம்பங்களுக்கு எண்ணெய் பூசினார், தடி இழுக்கும் விஞ்சுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார், தொழிலாளிகள் மாதிரி பன்னிரண்டு சிமெண்டுப் பொம்மைகளைச் செய்து ஆங்காங்கே நிற்கவைத்தார். அச்சு ஒன்றுதான் என்பதால் பன்னிரண்டுக்கும் ஒரே முகம். வில்லைக்காரிக்குத் தொப்பியும் நீலச் சட்டையும் கொடுத்துப் பழைய கொட்டகையிலேயே உட்காரவைத்து, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லச் சொன்னார். அண்ணியைக் காலை ஆறு முதல் இரண்டு மணிவரை பெருக்குகிற வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கொட்டகைச் சுவரில் அதிகாரி பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதிய வாசகம் இருந்தது: 'இந்தக் கூப்பில் ஒரு தொழிலாளியைக்கூடக் காட்டில் விட்டுவிட்டு வந்ததில்லை.' ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதை அவள் வாயால் சொல்ல வேண்டும். சொன்னாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பாள்.

புதிதாக வளர்ந்த காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லா மரமும் ஒரே வயசு, ஒரே உயரம், கயிறு பிடித்து நட்ட வரிசை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நீளமான ஒரு நடைக்கூடத்துக்குள் நிற்பது மாதிரி இருக்கும். பறவைகள் அதற்குள் கூடு கட்டுவதில்லை. பட்டப்பகலில் உள்ளே போனால் மூச்சு விடுகிற சத்தம் தனியாகக் கேட்கும். நடைபாதையில் மூன்று சுற்றுகள், மூன்றாவது சுற்று பழைய ஒன்பதாம் பட்டை வழியாகப் போகிறது. முதல் இரண்டு சுற்றுகளில் ஒலிபெருக்கி வைத்து, மரம் வெட்டுகிற சத்தத்தை ஓடவிட்டிருந்தார்கள். மூன்றாவது சுற்றுக்குப் போய்வந்த ஒரு குடும்பம் அவள் சன்னலில் நின்று, "கடைசி ரவுண்ட்லதாங்க கோடாலிச் சத்தம் ரொம்பத் தத்ரூபமா இருக்கு. ஒத்தை ஆள் வெட்டற மாதிரி" என்று பாராட்டிவிட்டுப் போனது. அங்கே ஒலிபெருக்கி கிடையாது. அவள் அதிகாரியிடம் சொன்னாள். அவர், "காத்துல வந்திருக்கும்மா" என்றார். அவரும் அந்தப் பக்கம் தனியாகப் போவதை நிறுத்திக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் கொட்டகையைத் திறந்தாள். பலகை எப்போதும் போலக் காலியாக இருக்க வேண்டும். பழைய வில்லைகளைக் கண்ணாடிப் பெட்டியில்தான் வைத்திருந்தார்கள். பலகையில் ஒரே ஒரு ஆணியில் ஒரு வில்லை தொங்கியது. கிட்டே போய்ப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

தொட்டுப் பார்த்தாள், ஈரமாக இருந்தது. வேறு வில்லையாக இருக்கும், அதிகாரி புதிதாகச் செய்திருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திருப்பினாள். பின்பக்கம் அண்ணன் ஆணியால் கீறிய ஒரு மீன் படம் இருந்தது. மத்தியானம் வீட்டுக்கு ஓடிப் பெட்டியைக் கவிழ்த்தாள். டப்பா காலி. சுற்றிவைத்த துணி மட்டும் அழகாக மடித்தபடி இருந்தது.

அண்ணியாக இருக்குமோ என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அண்ணி கண்டுபிடித்திருந்தால் ஊருக்கே கேட்டிருக்குமே. அண்ணி வாயே திறக்கவில்லை. சாயங்காலம் வில்லையைத் திரும்பக் கொண்டுவந்து டப்பாவில் போட்டாள். மறுநாள் காலை அது ஆணியில் ஈரத்தோடு தொங்கியது. அன்றைக்குப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டாள். மூன்றாம் நாள் பூட்டு பூட்டியபடியே இருந்தது, வில்லை ஆணியில் இருந்தது. ஆணியில் வில்லை இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? நான் உள்ளே இருக்கிறேன் என்கிறான் அண்ணன். தினமும் காலையில் வந்து சொல்லிவிட்டுப் போகிறான். வேறு எங்காவது ஒளித்துவைக்கவும் அவளுக்குத் தைரியம் இல்லை. வில்லை அதே டப்பாவில் இல்லாவிட்டால் அவன் தேடிக்கொண்டு வேறு எந்த அறைக்குள் வருவானோ என்று பயந்தாள்.

வீட்டிலும் ஏதோ மாறிப்போயிருந்தது. காலையில் அடுப்படியில் சத்தமே இல்லை. முப்பத்தொரு வருஷமாகக் கேட்ட திட்டு நின்றுபோயிருந்தது. அண்ணி பீரோவிலிருந்த நல்ல புடவைகளை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். பொழுது சாயும்போது வெந்நீர் போட்டுப் பின்வாசல் படியில் ஒரு வாளியில் கொண்டுபோய் வைத்தாள்.

"யாருக்கு அண்ணி வெந்நீர்?"

"கால் கழுவத்தான்."

"யாரு கால்?"

அண்ணி சிரித்தாள். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது மூன்று தட்டுகள் இருந்தன. மூன்றாவது தட்டில் அண்ணி ஒரு அவித்த முட்டையை வைத்து, கிண்ணத்தால் மூடிவைத்தாள். அண்ணனுக்கு முட்டை என்றால் உயிர். வில்லைக்காரி தலை நிமிராமல் சாப்பிட்டாள். அந்த மூன்றாவது தட்டுக்கு எதிரே முதுகைக் காட்டி உட்கார அவளுக்குத் தைரியம் வரவில்லை, முகத்தைக் காட்டி உட்காரவும் முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் விடிகாலை, அண்ணி வேலைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவளும் பின்னாலேயே போனாள். பனி இறங்கியிருந்தது. கொட்டகைக்கு எதிரே, தடி அடுக்குக்குப் பக்கத்தில் ரம்பம் பிடித்த இரண்டு சிமெண்டுப் பொம்மைகள் உண்டு. அவற்றின் நடுவில் போய் நின்றுகொண்டாள். ஒரே முகம் கொண்ட இருவருக்கும் இடையில் மூன்றாவது ஆளாக நின்றபோது யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற நம்பிக்கை அவளுக்கு வரவில்லை.

அண்ணி துடைப்பத்தோடு வந்தாள். பெருக்குகிறவர்களுக்குக் கொடுத்திருந்த சாவியால் கொட்டகையைத் திறந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்துக் குழாயடியில் கழுவினாள். உள்ளே போய் நாற்பத்தொன்றாம் ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டு, வாசலில் நிற்கிற ஆளிடம் பேசுவது போலப் பேசினாள்.

"பாத்துப் போங்க. மழை வர்ற மாதிரி இருக்கு. சாயங்காலம் நேரத்தோட வந்துடுங்க, என்ன?"

வில்லைக்காரி பொம்மைகளின் நடுவிலிருந்து வெளியே வந்தாள். அண்ணி திடுக்கிடவில்லை. திருட்டில் பிடிபட்டவள் போலவும் இல்லை. நல்ல சேதியைச் சொல்ல ஆள் கிடைத்துவிட்ட முகம் அது.

"நீயே வந்துட்டியா! உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். வாயைத் திறந்தா நின்னு போயிடுமோன்னு பயம்."

"இது எப்படி அண்ணி உங்க கைக்கு வந்துச்சு?"

"நூல்கண்டு தேடி உன் பெட்டியத் திறந்தேன். அடியில டப்பா. உனக்குத் தெரியாதாடி? அன்னிக்கு அவரு வீட்டுக்கு வந்திருக்காருடி! வில்லைய வாங்கிட்டு நேரா வீட்டுக்கு வந்து, தங்கச்சி பெட்டியில பத்திரமா வச்சுட்டுத்தான் போயிருக்காரு. நான் கண்ணை மூடித் திட்டிட்டேன். வாசப்படி மிதிக்காமப் போனான்னு திட்டிட்டேன்." அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அவரோட சாமான் இருக்க வேண்டிய இடத்துல இருக்கட்டும்னு கழுவிக் கொண்டாந்து மாட்டினேன். அன்னிக்கு ராத்திரி பாத்தா, வில்லை பெட்டியில இருக்கு!"

வில்லைக்காரி ஆணியில் தொங்கும் வில்லையைப் பார்த்தாள்.

"மறுநாளும் மாட்டினேன். மறுநாளும் பெட்டியில இருக்கு. நீ பூட்டுப் போட்ட, அப்பவும் இருக்கு. அந்தப் பூட்டுக்கு ரெண்டு சாவி, பெட்டியும் பூட்டும் என் சீர்ல வந்ததுடி, மறந்துட்டியா? பதினோரு நாளா காலையில வேலைக்குப் போறாரு, சாயங்காலம் வில்லையக் கழட்டிட்டு வீட்டுக்கு வர்றாரு. நான் கண்ணால பாக்கல. பாக்க வேணாம். வர்றாருங்கறது போதும் எனக்கு."

வில்லை திரும்பி வந்ததென்றால் ஆள் திரும்பி வந்துவிட்டான். அந்த மலையில் வாழ்ந்தவர்களுக்கு அது ஒன்றுக்கு அடுத்து இரண்டு என்பது மாதிரி. அண்ணியின் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. வில்லைக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், ஆனால் அண்ணி அதற்குள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பாட்டை முணுமுணுத்தபடி பனிக்குள் போய்விட்டாள்.

அன்றைக்கு நாலு கூட்டம் வந்தது. நாலு கூட்டத்துக்கும் அவள் சுவர் வாசகத்தைச் சொன்னாள். கடைசிக் கூட்டத்தில் ஒரு பெண் பலகையைக் காட்டி, "அது மட்டும் ஏன் தொங்குது?" என்று கேட்டாள். "அது..." என்றாள் வில்லைக்காரி. அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

ஐந்து மணிக்குப் பூங்காவை மூடுவார்கள். அவள் பலகையின் முன்னால் நின்றாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. கை பழக்கத்தில் நாற்பத்தொன்றை நோக்கிப் போனது. கழற்றி எடுத்துப் போனால் அண்ணி இன்றைக்கும் சிரிப்பாள், வெந்நீர் வைப்பாள், முட்டை அவிப்பாள். ஒரு பொய்யால் முப்பத்தொரு வருஷம் எரிந்தவள், அதே பொய்யால் பதினோரு நாள் குளிர்ந்திருக்கிறாள். எடுத்துப் போவதுதான் தர்மம் என்றுகூட அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொண்டு கழற்றினாள். கையை இழுத்துக்கொண்டு, வில்லையை ஆணியிலேயே விட்டுவிட்டு, கொட்டகையைப் பூட்டினாள்.

வீடு பூங்கா வாசலிலிருந்து கூப்பிடு தூரம். அவள் போனபோது அண்ணி பின்வாசலில் வாளியை வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்தாள். டப்பாவைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இன்னும் வரலையே."

வில்லைக்காரி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"மழை வரப்போகுது. ஒரு நாளும் இவ்வளவு நேரம் ஆனதில்லையே. ஆணியில இருக்கா? நீ பாத்தியா?"

"இருக்கு அண்ணி."

"அப்ப உள்ளதான் இருக்காரு." அண்ணி செருப்பைத் தேடினாள். "என்னடி நிக்கற? ஒரு வில்லை மிச்சம் இருந்தாக்கூட ஒருத்தரும் வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு தினமும் நீதானே வர்றவங்களுக்குச் சொல்ற? கெளம்பு."

"அண்ணி, நான்தான் தினமும் எடுத்துட்டு வந்தேன்."

அண்ணி ஒரு செருப்பை மாட்டியபடி நின்றாள்.

"பதினோரு நாளும் நான்தான். அன்னிக்கும் நான்தான். அண்ணன் வந்து வாங்கல. ஓடையத் தாண்டிப் போயிருப்பாருன்னு நெனச்சு நானே கழட்டினேன். நானே கையத் தூக்கினேன். அவரு வெளிய வரவே இல்ல அண்ணி."

சொல்லி முடித்தபோது அடி விழும் என்று எதிர்பார்த்தாள். ஊரைக் கூட்டும் கத்தலையாவது எதிர்பார்த்தாள். அண்ணி மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள். வாளியிலிருந்து ஆவி எழும்பி அவள் முகத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"நான் தினமும் காலையில அவரத் திட்டுவேன்."

"ம்."

"நீ பக்கத்துல நின்னு காய் நறுக்குவ."

அண்ணி வாளியைத் தள்ளி வைத்தாள்.

"அன்னிக்குச் சங்கு எத்தனை மணிக்கு ஊதுச்சு?"

"அஞ்சரைக்கு."

"அதுக்கப்புறம் வெளிச்சம் இருந்துச்சா?"

அவள் அழுதாள். அண்ணி அதைப் பொருட்படுத்தாமல் மறுபடி கேட்டாள். "கேக்கறேன்ல? தேடப் போயிருந்தா, வெளிச்சம் இருந்திருக்குமா?"

"ஒரு மணி நேரம் இருந்துச்சு அண்ணி. நூறு பேருக்கு மேல இருந்தாங்க."

அண்ணி அந்த ஒரு மணி நேரத்தைக் கண்ணால் பார்ப்பது போல வாசலைப் பார்த்தாள். பிறகு இரண்டாவது செருப்பையும் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "இப்பவும் ஒரு மணி நேரம் இருக்கு. நட."

கேட்டுக்காரர் தடுத்தார். பூட்டியாச்சு, உள்ளே ஒருத்தரும் இல்லை, எல்லா டிக்கெட்டையும் எண்ணியாச்சு என்றார். "ஒருத்தரு இருக்காரு" என்றாள் அண்ணி. அவர் வில்லைக்காரியைப் பார்த்தார். அவளும் தலையாட்டினாள். கூப்பில் ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று அவள் சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. கேட்டைத் திறந்துவிட்டார்.

மூன்றாம் சுற்றின் வாசலில் வில்லைக்காரி பின்தங்கினாள். அண்ணி திரும்பவில்லை. "பின்னாடி வராத. முன்னாடி நட. அவரு எங்க இருந்தாருன்னு உனக்குத்தான் தெரியும்." அவள் முன்னால் போனாள். மரங்களின் வரிசைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. முதுகுக்குப் பின்னால் அண்ணியின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த முகத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. இனி என்றைக்குமே வராது என்றும் தெரிந்தது. பழைய சரிவு மண்ணோடு இறங்கிய இடத்தில் மரங்கள் கொஞ்சம் சாய்ந்தே வளர்ந்திருந்தன. அங்கே நின்றாள்.

"இங்கதான் அண்ணி."

"ஏங்க!" என்று அண்ணி கூப்பிட்டாள். அவள் குரலில் ஊரைக் கூட்டும் அந்தப் பலம் இல்லை. சமையலறையிலிருந்து கூடத்தில் இருப்பவரைக் கூப்பிடும் குரல்தான். பிறகு வில்லைக்காரியிடம் சொன்னாள்: "நீ கூப்பிடு. உன் வேலைடி அது."

வில்லைக்காரி வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு தடவை, சரிவு முழுக்கக் கேட்கும்படி, "அண்ணா!" என்று கத்தினாள். முப்பத்தொரு வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. கூப்பிட்டால் நின்று கேட்க வேண்டும் என்பது விதி. இரண்டு பேரும் நின்று கேட்டார்கள்.